1:50 பெக்கோவில் பிழை பிடித்தல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

1:50, அதாவது உண்மை அளவில் ஐம்பதில் ஒரு பங்கான பெக்கோ, டோசர், கிரேன் மொடல்களைப் பிரித்து, நிறம் மாற்றி, ஹோஸ், கைப்பிடி, சேறு என்று நுணுக்கம் சேர்க்கிறவர்களுக்கு இது. குளிர் நாடுகளில் எழுதிய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு கொழும்பில் இந்த வேலையைச் செய்தால் பாதி வழியில் கை நின்றுவிடும். இங்கே காற்றும் ஒரு மூலப்பொருள். ஆண்டு முழுக்க 27 பாகையை ஒட்டிய சூடு, அதோடு சேர்ந்த ஈரம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் வீடென்றால் கடலிலிருந்து வரும் உப்பு. பெயின்ட், பசை, உலோகம் மூன்றுக்குள்ளும் அது போய்ச் சேருகிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். பிழை தெரிகிற அடுக்கும் பிழை நடந்த அடுக்கும் அநேகமாக வேறு வேறு. மஞ்சள் பெயின்ட் உரிந்தால் மஞ்சளைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அதற்குக் கீழே ப்ரைமர் என்ற முதற்பூச்சு, உலோகம் என்று இரண்டு அடுக்கு இருக்கிறது. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எந்த அடுக்கு என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். திருத்தம் அதற்குப் பிறகு.

தொடங்க முன் கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். ஜேர்மனியின் என்.இசட்.ஜி., கொன்ராட் போன்றவர்களின் 1:50 மொடல்களில் கனமான பகுதிகள் துத்தநாகக் கலப்பு வார்ப்பு. காந்தம் ஒட்டாது, கையில் எடுத்தால் பாரம் தெரியும். கபின், கைப்பிடி, என்ஜின் மூடி பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ரப்பர் போல வளையும் செயின் (இயந்திரம் ஓடும் சங்கிலிப் பட்டை) அநேகமாக மென்மையாக்கிய பிவிசி. இந்த மூன்றுக்கும் ஒரே ப்ரைமர், ஒரே தின்னர் என்று போனால் கீழே வரும் அறிகுறிகளில் பாதி உங்கள் மேசைக்கே வந்துவிடும்.

பெயின்ட் தகடாக உரிந்து வருகிறது

மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது மஞ்சளும் சேர்ந்து வந்தால், அந்தத் துண்டை எறியாதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

முதுகில் ப்ரைமர் ஒட்டிக்கொண்டு வந்து, மொடலில் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் உலோகம் தயாராகவில்லை. விரல் எண்ணெய், மெருகிட்ட பசை, கழுவாத சவர்க்காரம் ஏதாவது ஒன்று இடையில் நின்றிருக்கிறது. அல்லது உலோகம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்து ப்ரைமருக்குப் பிடி கிடைக்கவில்லை. ப்ரைமர் மொடலிலேயே நின்று மஞ்சள் மட்டும் வந்தால், ப்ரைமர் அடித்த பிறகு வெறுங்கையால் தொட்டிருப்பீர்கள், அல்லது பல நாள் தூசியில் வைத்துவிட்டு மேலே அடித்திருப்பீர்கள்.

மூன்றாவது வகைதான் ஆட்களை ஏமாற்றுவது. வேலை முடிந்து மாதக்கணக்கில் நன்றாக இருந்த பெயின்ட் ஒருநாள் தானாக எழும்பும். முதுகைத் தொட்டால் மெல்லிய வழுக்கல். ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய எண்ணெய் எனாமலை வெறும் துத்தநாகத்தின் மேல் நேரடியாகப் பூசினால் இதுதான் நடக்கும். எனாமலிலுள்ள எண்ணெய் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து துத்தநாகச் சவர்க்காரமாக மாறுகின்றன. ஈரம் கூடிய இடத்தில் அது இன்னும் விரைவு. புதுக் கல்வனைஸ் தகட்டில் வீட்டு எனாமல் உரிவதற்கும் இதே காரணம்தான். நல்ல கம்பனி எனாமலுக்கு மாறினாலும் பலன் இல்லை. இடையில் துத்தநாகத்துக்கு ஏற்ற ப்ரைமர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் திருத்தம் ஒன்றே: முழுதாக உரித்து மறுபடி தொடங்குவது. இடத்துக்கு இடம் ஒட்டுப்போடுவது நேர விரயம். பிளாஸ்டிக் பகுதிகளைக் கழற்றி ஒதுக்குங்கள். ரிவெட் அடித்த மூட்டென்றால் ரிவெட்டின் தலையை மட்டும் துளைப்பானால் சீவி, பின்பக்கமிருந்து தட்டி எடுக்கலாம். உரிக்க மோட்டார் வாகன பெயின்ட் ரிமூவர் போதும். கையுறை போட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். கோஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரும்புக்கு அது சரி. துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அது தின்னும். வினாகிரியும் அப்படியே, கொஞ்சம் ஆறுதலாகத் தின்னும், அவ்வளவுதான்.

உரித்த பிறகு 600 இலிருந்து 800 வரையான சாண்ட் பேப்பரால் ஈரத்தில் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, சுத்த நீரில் அலசி, ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கள். அதற்குப் பின் கையுறையில்லாமல் தொடக் கூடாது. உலோகத்துக்கு ஈட்ச் ப்ரைமர் (உலோகத்தை இலேசாக அரித்துப் பிடிக்கும் ப்ரைமர்), மெல்லிய ஒரு பூச்சு. வாகன பெயின்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும். பஞ்சிகாவத்தை பக்கம் தேடினால் சுற்ற வேண்டியிருக்காது. ஏபிஎஸ் பகுதிகளுக்கு ஈட்ச் ப்ரைமர் ஆகாது, பிளாஸ்டிக் ப்ரைமர் தனி. டின்னில் எழுதியிருக்கும் காயும் நேரம் உலர்ந்த காற்றுக்குச் சொன்னது. மழை நாளில் அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டின் கனத்தையும் கவனியுங்கள். 1:50 இல் 0.1 மி.மீ. பெயின்ட் என்பது உண்மை இயந்திரத்தில் 5 மி.மீ. கனம். போல்ட் தலைகளும் வெல்டிங் கோடுகளும் மறைந்து போவது அதனால்தான். பழைய பெயின்டின் மேலேயே புது நிறம் அடிக்க ஆசை வரும். நுணுக்கம் சேர்க்க நினைக்கிற மொடலில் அதைச் செய்யாதீர்கள்.

அடித்த உடனே வெள்ளைப் புகை படர்கிறது

பளபளப்பாக இருக்கவேண்டிய லக்கர் அல்லது கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு), ஐந்து பத்து நிமிடத்தில் பால் படர்ந்ததாக மாறும். பிற்பகல் மூன்று மணிக்கு மழை இருட்டும்போது அடித்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 30 பாகை சூடும் 80 வீத ஈரப்பதமும் உள்ள காற்றில் பனிபடு நிலை ஏறக்குறைய 26 பாகை. அதாவது மேற்பரப்பு நான்கு பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் அதன் மேல் படியும். அந்த நீர் பெயின்டுக்குள் சிக்குவதுதான் வெண்மை. ஈரம் 60 வீதமென்றால் பனிபடு நிலை 21, 22 பாகைக்கு இறங்கிவிடும். குளிர்வதற்கு இரண்டு மடங்கு இடம் கிடைக்கிறது.

சிறிய ஈரமானி ஒன்று இந்த மேசையில் இருந்தே ஆகவேண்டும். 70 வீதத்துக்கு மேல் காட்டினால் லக்கர் அடிக்காதீர்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளைகள் நல்லவை. ஏப்ரல் முதல் ஜூன் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும் நாளைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். ஏசி அறையில் ஒரு மணிநேரம் மொடலையும் பெயின்டையும் வைத்து அங்கேயே அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குளிர்ந்த மொடலை உடனே வெளியில் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் படியும். உள்ளேயே காயவிடுங்கள்.

ஏற்கனவே வெளுத்துப்போனதை அநேகமாக மீட்கலாம். ஈரம் குறைந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டாடர் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடியுங்கள். மேல் அடுக்கு மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறும்.

மட் வார்னிஷில், அதாவது பளபளப்பில்லாத மேற்பூச்சில், வரும் வெண்மை வேறு நோய். அது ஈரத்தால் வராமல், போத்தலின் அடியில் தங்கிய மங்கலாக்கும் தூள் சரியாகக் கலக்காததால் வந்திருக்கலாம். அடையாளம் இலகு: விரலில் சிறிது தண்ணீர் தொட்டு அந்த இடத்தில் வையுங்கள். ஈரமாக இருக்கும்வரை வெண்மை மறைந்தால் மேலே ஒரு பளபளப்பு கிளியர் அடித்து, பிறகு நன்றாகக் குலுக்கிய மட் மெல்லியதாக அடித்தால் போதும்.

கபின் கண்ணாடி பனிமூட்டமாகிறது

சுப்பர் குளூ. வேறொன்றுமில்லை. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, பக்கத்திலுள்ள எல்லாவற்றிலும் வெள்ளைத் தூளாகப் படிகிறது. மூடிய கபினுக்குள் ஆவி வெளியேற வழியில்லாததால் அங்கே கூடுதலாகத் தெரியும். கண்ணாடிப் பகுதிகளுக்கு சுப்பர் குளூவையே கொண்டுபோகாதீர்கள். வெள்ளை பிவிஏ பசையோ இரு கூட்டு எபொக்சியோ பாவியுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு சுப்பர் குளூ தேவைதான். அப்போது ஊசி முனையில் தொட்டு வைத்து, சிறிய விசிறியால் காற்று ஓடவிடுங்கள். படிந்துவிட்ட வெண்மை உட்பக்கத்தில் இல்லையென்றால், அக்ரிலிக் பளபளப்பு கிளியரை மென்மையான தூரிகையால் ஒருமுறை பூசினாலே தெளியும்.

எயார்பிரஷ் துப்புகிறது, பெயின்டில் குழி விழுகிறது

இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வட்டமாக, நிறம் நீர்த்துப்போன புள்ளி என்றால் கொம்பிரசரின் தண்ணீர். தாங்கியின் அடித் திருகாணியைத் திறந்து ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பின் வடியவிடுங்கள். நீர்ப்பொறியைத் தாங்கியின் வாயில் வைப்பதைவிட எயார்பிரஷ் பக்கம் வைத்தால் குழாயில் குளிர்ந்து சேரும் நீரும் பிடிபடும். குழியின் நடுவில் கீழ் அடுக்கு கண்போலத் தெரிந்தால் அது எண்ணெய் அல்லது சிலிக்கோன். வாகன டாஷ்போர்ட் பொலிஷ் பாவித்த அதே அறையில், அதே துணியால் துடைத்திருந்தால் அதுவே போதும். கழுவி மீண்டும் அடிப்பதுதான் வழி.

மஞ்சள் பச்சையாகத் தெரிகிறது, அல்லது பகுதிக்குப் பகுதி வேறு மஞ்சள்

மஞ்சள் மறைக்கும் திறன் குறைந்த நிறம். கறுப்பு அல்லது கடும் சாம்பல் ப்ரைமரின் மேல் அடித்தால் பச்சை சாயல் வரும். நிழல் காட்டுவதற்காக விளிம்புகளில் முதலில் கறுப்பு அடிக்கும் முறை இராணுவ வாகனங்களுக்கு நன்றாக இருக்கும். மஞ்சள் இயந்திரத்தில் அதே கறுப்பு விளிம்புகளை நோய் பிடித்த நிறமாக்கும். நிழல் வேண்டுமென்றால் செங்கபிலம் பாவியுங்கள்.

உலோகப் பூமும் (பெக்கோவின் நீண்ட கையின் அடிப்பகுதி) பிளாஸ்டிக் என்ஜின் மூடியும் ஒரே போத்தலிலிருந்து அடித்தும் வேறாகத் தெரிந்தால், காரணம் கீழே. ஒன்றுக்கு சாம்பல் ஈட்ச் ப்ரைமர், மற்றதுக்கு வெள்ளை பிளாஸ்டிக் ப்ரைமர். இரண்டின் மேலும் ஒரே இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பூச்சு அடித்துச் சமப்படுத்திய பிறகு மஞ்சளுக்குப் போங்கள். நான் இளஞ்சிவப்பையே விரும்புகிறேன். மஞ்சளுக்கு அது தரும் சூடு வெள்ளையில் வராது.

எந்த மஞ்சள் என்பதும் கேள்விதான். கட்டர்பிலர் 1931 வரை சாம்பல் நிறத்தில் இயந்திரம் விற்றது. அந்த ஆண்டின் இறுதியில் நெடுஞ்சாலை மஞ்சளுக்கு மாறியது. 1979 இல் இன்றைய மஞ்சளுக்கு வந்தது. 1955 இல் வந்த டி9 டோசரின் முதல் வடிவத்துக்கு இன்றைய மஞ்சள் அடித்தால் நிறம் சரி, காலம் பிழை. கொமட்சு மஞ்சள் வேறு, ஹிட்டாச்சி செம்மஞ்சள், கொபெல்கோ நீலப்பச்சை. போத்தல் பெயரை நம்பாமல், வீதியோரம் நிற்கும் இயந்திரத்தின் நிழல் பக்கத்தைப் பார்த்துக் கலவுங்கள். வெயில் படும் பக்கம் வெளிறியிருக்கும்.

பூம் தானாக இறங்குகிறது

மொடலைக் கண்ணாடி அலுமாரியில் பூம் உயர்த்தி வைக்கிறீர்கள். காலையில் பக்கெட் தட்டில் கிடக்கிறது. பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒருநாள் விடுங்கள். நின்றால், நீங்கள் புதிதாகப் போட்ட பித்தளைப் பக்கெட்டின் பாரம்தான் பிரச்சினை. நெம்பின் நுனியில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் அடி மூட்டில் பல மடங்காகத் தெரியும். மெல்லிய தகட்டில் பக்கெட்டை மறுபடி செய்யுங்கள், அல்லது பிளாஸ்டிக்குக்குப் போங்கள்.

பக்கெட் இல்லாமலும் இறங்கினால் ஆர்மை (பூமுக்கும் பக்கெட்டுக்கும் இடையிலுள்ள பகுதி) விரலால் பிடித்துக்கொண்டு எந்த மூட்டு நகர்கிறது என்று பாருங்கள். 1:50 உலோக மொடல்களில் பிடித்து நிற்பதில் பெரும்பங்கு சிலிண்டருக்குள் கம்பி உராய்வதால் வருகிறது. அந்தக் கம்பியில் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தால் பிடி போய்விடும். கம்பியை உருவி, ஐசோபுரோபைல் அல்ககோலால் இரண்டையும் கழுவுங்கள். போதாவிட்டால், உள்ளே மறையும் முனையில் மட்டும் அக்ரிலிக் கிளியரை ஒரு மெல்லிய வளையமாகப் பூசி முழுநாள் காயவிட்டுப் போடுங்கள். வெளியில் தெரியும் பகுதியில் பூசாதீர்கள்.

மூட்டுப் பின் தளர்ந்திருந்தால் ரிவெட்டைக் குறட்டால் நசுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தோல் துண்டு வைத்து, மிக மெதுவாக ஒருமுறை செய்யலாம். இரண்டாம் முறை துத்தநாகக் காது உடையும். அதைவிட நல்லது, பின்னை எடுத்துவிட்டு 2 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் மெல்லிய நைலோன் வொஷர். இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம், பெயின்டும் உராயாது. போல்ட் தலையை மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தால் மூடினால் உண்மை இயந்திரத்தின் பின் மூடித் தகடு போலவே இருக்கும்.

பெயின்ட் அடித்த பிறகு மூட்டு இறுகி நகராமல் போவது இதன் மறுபக்கம். பலம் போட்டு வளைக்கக் கூடாது. துளைக்குள் பெயின்ட் போயிருக்கிறது. பின்னை எடுத்துத் துளையைச் சுரண்டுங்கள். அடுத்த முறை அடிக்க முன் ஒவ்வொரு துளையிலும் பல்குத்தி ஒன்றைச் செருகிவிடுங்கள்.

இந்தக் கம்பிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். குரோம் பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் சிலிண்டருக்குள் ஒருமுறை போய்வந்தால் சுரண்டிவிடும். உண்மையான பளபளப்பை உலோகம்தான் தரும். 20 டன் வகுப்புப் பெக்கோவில் சிலிண்டர் கம்பிகள் ஏறக்குறைய 80 முதல் 100 மி.மீ. வரை விட்டம் உள்ளவை. 1:50 இல் அது 1.6 முதல் 2 மி.மீ. மருந்துக்கடையில் வாங்கும் பாவிக்காத ஊசிகளில் 16 கேஜ் 1.65 மி.மீ., 14 கேஜ் 2.1 மி.மீ. துருப்பிடிக்காத உருக்கு, ஏற்கனவே மெருகிட்டது. கூர்முனையை முதலில் அரைத்து எடுத்துவிடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு.

ஹோஸ் எழும்புகிறது, கழன்று வருகிறது, வயர் போலத் தெரிகிறது

எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதி ஹோஸ். பூமின் முதுகில் ஓடும் இரண்டு கறுப்புக் கோடு சரியாக அமைந்தால், அந்த மொடலுக்குள் எண்ணெய் ஓடுகிறது என்று பார்ப்பவர் நம்புவார்.

வயர் போலத் தெரிவதற்கு முதல் காரணம் பருமன். உண்மையான ஹோஸ் ஒன்றின் வெளிவிட்டம் 25 மி.மீ. என்று வைத்தால் மொடலில் 0.5 மி.மீ. கணினி வலையமைப்புக் கேபிளைப் பிரித்து எடுக்கும் இழை ஏறக்குறைய 1 மி.மீ.; அது உண்மையில் 50 மி.மீ. குழாய். பூமில் போகும் உருக்குக் குழாய்க்குக்கூட அது அதிகம். 30 கேஜ் வயர் ராப்பிங் கம்பி உறையோடு 0.5 மி.மீ. அளவில் வரும், இலத்திரனியல் பொருள் விற்கும் முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். நிலையாக வளைந்து நிற்க வேண்டிய இடத்துக்கு அது. மூட்டைத் தாண்டி அசையும் இடத்துக்குக் கறுப்பு இலாஸ்டிக் நூல்.

இரண்டாவது காரணம் வளைவு. ஹோஸ் அதன் பாரத்தால் தொங்கும், எங்கேயும் மடியாது. மூட்டு முழுதாக விரியும்போது தேவைப்படும் நீளத்தைவிடச் சற்றுக் கூடவே இருக்கும், மூட்டு மடியும்போது மிகுதி வெளிப்புறமாக வளைந்து நிற்கும். அதனால் ஒட்ட முன் பூமையும் ஆர்மையும் இரண்டு எல்லைக்கும் அசைத்துப் பார்த்து, நீளமான நிலையில் அளவெடுத்து வெட்டுங்கள். மடித்த நிலையில் அளந்து ஒட்டியவர்களுக்குத்தான் ஹோஸ் கழன்று வருகிறது. பசையில் பிழை இல்லை, நீளம் காணாது.

மேலாக ஒட்டுவதும் நிற்காது. முனை போக 0.5 மி.மீ. துளை வேண்டும். துத்தநாகத்தில் அந்தத் துளைப்பான்கள் அடிக்கடி உடையும்: மென்மையான உலோகம் பிசுபிசுத்துத் துளைப்பானின் பள்ளத்தை அடைக்கிறது, நாம் அழுத்துகிறோம், முறிகிறது. நகைவேலை செய்யும் பத்தர்மார் துளைப்பானைத் தேன்மெழுகில் தொட்டுக்கொண்டு போடுவார்கள். அதையே செய்யுங்கள். முதலில் கூரான ஊசியால் ஒரு குழி, பிறகு கைத்துளைப்பான், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது. கையில் பிடிக்கும் சிறு துளைப்பான், மெல்லிய பித்தளைக் குழாய், நகைக் குறடு எல்லாவற்றுக்கும் செட்டியார் தெருப் பக்கம் விசாரிப்பது மொடல் கடையைத் தேடுவதைவிட நல்லது.

துளைக்கு வெளியே 1 மி.மீ. நீளத்தில் மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றை ஹோஸில் கோத்து மோதவிடுங்கள். ஹோஸ் முனையிலுள்ள உலோகப் பொருத்தி போல வந்துவிடும். ஒரு கூட்டத்தில் நாலு ஹோஸ் என்றால் அவற்றை இடையில் ஒரு கறுப்புத் தாள் பட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். உண்மையிலும் அப்படித்தான் கட்டியிருக்கும்.

செயின்: ஒட்டுகிறது, அல்லது பார்க்கச் சரியில்லை

பிவிசி செயின் படும் இடத்தில் பிளாஸ்டிக் உருளைகள் இளகி, செயினின் அச்சு விழுந்திருந்தால், செயினை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் போயிருக்கிறது. சூடு கூடிய அறையில் இது விரைவு. செயினைக் கழற்றி, இரண்டையும் ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து, உருளையின் மேல் குழாய் மூட்டுக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போடுங்கள். நீண்ட காலம் வைப்பதென்றால் உலோகச் செயினுக்கு மாறுவது மட்டும்தான் முழுத் தீர்வு.

பார்க்கச் சரியில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். மேல் ஓட்டம் கயிறு கட்டியதுபோல நேராக நின்றால் விளையாட்டுச் சாமானாகத் தெரியும். உண்மைச் செயின் மேல் உருளைகளுக்கு இடையில் தொய்யும். மற்றது திசை. பெக்கோவில் செயினை இழுக்கும் பற்சக்கரம் பின்னால், பல்லில்லாத சக்கரம் முன்னால். கீழ்ப்பகுதியைப் பிரித்துப் பூட்டும்போது திருப்பிப் போட்டுவிட்டால், ஓட்டுநர் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

உலோகத்தில் வெள்ளைத் தூள், வெடிப்பு

தூளைத் துணியால் துடையுங்கள். கீழே உலோகம் உறுதியாக இருந்தால் அது மேற்பரப்பு அரிப்பு. கடற்காற்று உப்பாலும் சரியாக அலசாததாலும் வரும். கழுவி, உலர்த்தி, ப்ரைமர் அடித்தால் முடிந்தது.

துடைத்த பிறகும் தலைமயிர் போன்ற வெடிப்புகள் வலையாக ஓடினால், பகுதி வீங்கி மூடி பொருந்தாமல் போனால், விளிம்பு நகத்தால் உதிர்ந்தால், அது வார்ப்பின் உள்ளேயே இருக்கிற நோய். ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்த துத்தநாகத்தில் உலோகத்தின் நுண்படிக மணிகளுக்கு இடையே அரிப்பு நடக்கிறது. சூடும் ஈரமும் அதைத் துரிதப்படுத்தும். 1929 இல் நியூ ஜேர்சி ஸிங்க் கம்பனி உருவாக்கிய ஸமாக் கலப்புகள் மிகத் தூய துத்தநாகத்தையும் ஏறக்குறைய 4 வீத அலுமினியத்தையும் கொண்டு இதைத் தடுத்தன, ஆனால் வார்க்குமிடத்தில் கலப்படம் சேர்ந்தால் புது மொடலுக்கும் வரும். மருந்து இல்லை. பெயின்ட் அடித்து மறைக்கவும் வேண்டாம். பக்கத்து மொடலுக்குத் தொற்றாது. நல்ல பகுதிகளைக் கழற்றி எடுத்துவிட்டு, நோயுள்ள பகுதிக்கு அளவெடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகச் செய்யலாம்.

டிக்கால் வெள்ளி போல மினுங்குகிறது

டிக்கால் என்பது எழுத்தும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படலம். சொரசொரப்பான மேற்பரப்பில் ஒட்டியதால் படலத்தின் அடியில் காற்று. டிக்காலுக்கு முன் பளபளப்பு கிளியர், அதன் பிறகே மட். ஒட்டியதை மீட்க, மினுங்கும் இடத்தை மெல்லிய ஊசியால் குத்தி, டிக்கால் இளக்கும் திரவம் விட்டு அழுத்துங்கள்.

சேறு பூசினேன், பொய்யாகத் தெரிகிறது

பொய்யாகத் தெரியும் மொடல்களில் துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். வேலை செய்கிற இயந்திரத்தில் துருவுக்கு இடம் உண்டு, மினுக்கத்துக்கு வேறு இடம் உண்டு. பக்கெட் பல்லும் வெட்டு விளிம்பும் செயின் தட்டின் மேடும் மண்ணில் தேய்ந்து சாம்பல் நிற உருக்காக மினுங்கும். வெள்ளி பெயின்டைவிட 6பி பென்சில் தூளைத் தேய்த்தால் அந்த நிறம் வரும். பக்கெட்டின் உட்புறத்தில் மஞ்சள் இருக்கவே இருக்காது. சிலிண்டர் கம்பி ஒருபோதும் துருப்பிடித்திருக்காது; அது நுழையும் வாயில் மெல்லிய கறுப்பு எண்ணெய் வளையம் மட்டும். மூட்டுப் பின்களில் கிரீஸ் கசிந்து அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். படியில் சப்பாத்து பட்டுப் பெயின்ட் போயிருக்கும். எரிபொருள் மூடிக்குக் கீழே டீசல் வடிந்த கறை.

அடுத்தது மண்ணின் நிறம். வேலை எங்கே நடக்கிறது என்று முதலில் தீர்மானியுங்கள். கடலிலிருந்து மணல் வாரி நிரப்பிய 269 ஹெக்டயர் கொழும்புத் துறைமுக நகரில் நிற்கும் டோசருக்கு வெளிறிய, உலர்ந்த மணல் தூசி. செம்மண் பூசினால் அது அங்கிருந்து வந்ததல்ல. உள்நாட்டுப் பக்கம் கபுக் கல் வெட்டும் இடத்துப் பெக்கோவுக்குச் செங்கபிலம், ஈரமாக இருக்கும் இடத்தில் இருண்டது. முத்துராஜவெல போன்ற சதுப்பில் இறங்கியதென்றால் கறுப்புச் சேறு. ஒரே மொடலில் மூன்றையும் கலக்காதீர்கள். சேறு கீழிருந்து மேலே குறைந்துகொண்டு போகும். தூசி மேலிருந்து கீழே இறங்கும். முதலில் தூசி, அதை மழைக்கோடுகளாகச் செங்குத்தாக இழுப்பது, கடைசியில் புதுச் சேறு.

வொஷ் (அழுக்கும் நிழலும் காட்டப் பூசும் நீர்த்த நிறம்) பூசும்போது கீழிருக்கும் மஞ்சள் கரைந்து வந்தால் அடுக்கு வரிசை பிழைத்திருக்கிறது. லக்கரோ அக்ரிலிக்கோ கீழே, நன்றாகக் காய்ந்த கிளியர் நடுவே, எனாமல் அல்லது எண்ணெய் வொஷ் மேலே. எனாமலின் மேல் எனாமல் தின்னர் போனால் கரையத்தான் செய்யும்.

சில வாரங்களில் சேற்றின் மேல் சாம்பல் பஞ்சு போல ஏதாவது முளைத்தால் அது பங்கசு. வளவிலிருந்து அள்ளிய மண்ணையும் பிவிஏ பசையையும் கலந்து கனமாகப் பூசினால், உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். மண்ணிலுள்ள இலை, வேர்த் துகள்கள் அதற்குத் தீனி. முளைத்ததைத் தூரிகையால் எடுத்து, ஐசோபுரோபைல் அல்ககோலை இரண்டு முறை நனையவிட்டு, விசிறிக்கு முன் காயவையுங்கள். புதிதாகச் செய்யும்போது மண்ணை மெல்லிய சல்லடையில் சலித்து, அவணில் 120 பாகையில் ஒரு மணிநேரம் சூடாக்கிய பிறகு பாவியுங்கள், அல்லது மண்ணை விட்டுவிட்டு நிறத்தூளுக்குப் போங்கள். பிவிஏக்குப் பதில் அக்ரிலிக் மட் கிளியர் பிடித்துக்கொள்ளும், விரைவாகவும் காயும். ஒரு பூச்சு 1 மி.மீ. கனத்தைத் தாண்ட வேண்டாம். கனம் வேண்டிய இடத்தில் அடியில் எபொக்சி புட்டியால் உருவம் கொடுத்துவிட்டு மேலே மட்டும் மண் தூவுங்கள். அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைத்திருந்தால் ஒக்டோபர் மழை தொடங்க முன் அதை அவணில் உலர்த்தி மறுபடி வையுங்கள்.